மீட்டர் கூலியும் பள்ளி மானியமும்

அரசு உதவி பெறும் பள்ளி என்றால் என்னவென்று சாமளாபுரத்து விசைத்தறிக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். அவர்கள் பிழைப்பே அப்படித்தான் ஓடுகிறது. நூல் ஜவுளிக்காரருடையது, தறியும் கரண்ட் பில்லும் நம்முடையது, நெய்து கொடுத்தால் கூலி. தனி ஆளாகப் போய்க் கேட்டால் பைசா ஏறாது. சோமனூர், பல்லடம் என்று ஊர் ஊராகச் சங்கம் சேர்ந்து தறியை நிறுத்தினால்தான் பேச்சுவார்த்தைக்கே கூப்பிடுவார்கள்.

உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது. கட்டடமும் நிர்வாகமும் தாளாளருடையது. 1854இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கைதான் இதற்கு அடித்தளம். எல்லா ஊரிலும் தானே பள்ளி கட்ட அரசாங்கத்துக்கு மனமில்லை. மிஷன்காரர்களோ உள்ளூர்க்காரர்களோ நடத்தட்டும், நாம் மானியம் தருவோம், சோதித்தும் பார்ப்போம் என்றார்கள். அமெரிக்காவில் இன்று சார்ட்டர் பள்ளி என்று சொல்வதற்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிற ஏற்பாடு.

இதில் விசேஷமான அத்தியாயம் ஒன்று உண்டு. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. தேர்வு முடிவைப் பார்த்து மானியம். இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வாசிப்பு, எழுத்து, கணக்கு கேட்பார், தேறின தலைக்கு இவ்வளவு என்று பணம். அசல் பீஸ் ரேட்! திருப்பூரில் பனியன் தைக்கிறவருக்கு டஜன் கணக்கு, அன்றைய திண்ணைப் பள்ளி வாத்தியாருக்குத் தலைக் கணக்கு. பையன் பயந்துபோய் வாய் திறக்கவில்லை என்றால் அடி விழுவது வாத்தியார் வருமானத்தில். மனப்பாடம் செய்யவைக்காமல் அவர் வேறென்ன செய்வார்? தேர்ச்சி விகிதத்தை வைத்துப் பள்ளிகளை எடைபோட வேண்டும் என்று இன்று புதிதுபோலப் பேசுகிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த முறை சரிப்படாது என்று கர்சன் அரசாங்கமே 1904 கல்வித் தீர்மானத்தில் கைவிட்டது.

முறை மாறியும் வாத்தியார் நிலை உடனே மாறிவிடவில்லை. என் அப்பிச்சி பல்லடம் பக்கம் ஓர் உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவர். "முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடோணும் கண்ணு, கைக்கு வாரது பாதிதான். கேட்டா நாளைக்கு வர வேண்டாம்னு போடுவாங்க" என்பார். அவரைக் காப்பாற்றியது அந்தப் பள்ளியல்ல. மாநிலம் முழுக்க சந்தா கட்டிச் சேர்ந்த ஆசிரியர் சங்கங்கள். 1955இல், காமராஜர் ஆட்சியில், உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. 1974இல் நடைமுறைக்கு வந்த தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் தாளாளர் நினைத்தபடி ஆளை நீக்குவதற்குக் கடிவாளம் போட்டது. பள்ளிக் குழுவில் ஆசிரியருக்கும் நாற்காலி கிடைத்தது.

பெற்றோருக்கு? இங்கேதான் தறிக்கூலி உதாரணம் என்னை உறுத்துகிறது. கூலிப் பேச்சுவார்த்தையில் ஜவுளிக்காரர் ஒரு பக்கம், தறி உரிமையாளர் மறுபக்கம். ராத்திரி ஷிஃப்ட்டில் தறி ஓட்டுகிற ஆள் அந்த அறையிலேயே இல்லை. பள்ளி விஷயத்திலும் தாளாளர்கள் பேசினார்கள், ஆசிரியர்கள் பேசினார்கள். அந்தத் தறி ஓட்டுகிறவரின் பிள்ளைக்காக மாநில அளவில் பேச ஆளில்லை.

அதன் விலை 1991இல் தெரிந்தது. அந்த ஆண்டுதான் மினசோட்டா அமெரிக்காவின் முதல் சார்ட்டர் பள்ளிச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த யோசனையை 1988இல் ஊரறியச் செய்தவர் ஆல்பர்ட் ஷாங்கர் என்ற ஆசிரியர் சங்கத் தலைவர். பிறகு அவரே அதை எதிர்த்தார் என்பது தனிக் கதை. பள்ளிகள் பெருகப் பெருக, அவையே உறுப்பினராகச் சேரும் மாநிலச் சங்கங்களும் வந்தன. கலிஃபோர்னியாவில் 2003இல். நிதி, கட்டடம், சட்டத் திருத்தம் என்று சட்டமன்றத்தில் வாதாடுவதுதான் அவற்றின் வேலை.

அங்கே கதவு திறந்த அதே சமயம் இங்கே சாத்தினார்கள். 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்படும் தனியார் பள்ளிக்கோ வகுப்புக்கோ மானியம் கிடையாது என்று சட்டத்தில் சேர்த்தார்கள். வேலையில் இருந்த ஆசிரியரின் சம்பளத்துக்கு ஆபத்தில்லை, பழைய பள்ளியின் மானியமும் போகவில்லை. நஷ்டம் இனிமேல் சேரப்போகிற பிள்ளைக்கு. அதற்கு ஏது சங்கம்?

அரசிடம் பணமில்லை என்ற பதிலை நான் முழுசாக நம்பவில்லை. 2009 கட்டாயக் கல்விச் சட்டப்படி, சிறுபான்மையல்லாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களுக்கு அரசுதான் கட்டணத்தை ஈடுகட்ட வேண்டும். தாளாளர்கள் பழையபடி ஆடுவார்கள் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் மானியத்தை மறுபடி திறக்கச் சொல்லும்போது, பள்ளிக் குழுவில் பெற்றோருக்கு ஓட்டுரிமையோடு இடமும், வரவுசெலவைப் பள்ளிச் சுவரில் ஒட்டும் விதியும் சேர்த்தே கேட்கவேண்டும் என்கிறேன்.

இப்போதைக்கு, உதவி பெறும் பள்ளிகள் பலவற்றில் ஒரே ஆசிரியர் அறையில் இரண்டு விதமான ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு அரசுச் சம்பளம். பக்கத்து நாற்காலிக்காரர் 1991க்குப் பிறகு வந்த சுயநிதிப் பிரிவில் பாடம் எடுப்பவர். அவர் சம்பளம் பிள்ளைகள் கட்டுகிற ஃபீஸிலிருந்து வருகிறது.