கூலி என்னும் சொல்லின் வரலாறு

ஒரு மொழியின் சொல் பிறமொழி புகும்போது அதன் பொருளும் உடன்செல்லும் என்பதற்கில்லை. ஆங்கிலத்தில் நெடுங்காலம் ஆட்பெயராக வழங்கி, இன்று பண்புடையோர் வழக்கினின்றும் நீங்கிவிட்ட 'கூலி' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

இதன் பிறப்புப் பற்றி இருவேறு கருத்துக்கள் உள. குஜராத்துப் பகுதியில் வாழும் கோலி என்னும் குலத்தாரின் பெயரினின்று வந்தது என்பர் ஒரு சாரார். தமிழ்க் 'கூலி'யே மூலம் என்பர் மற்றொரு சாரார். யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இவ்விரண்டையும் ஆராய்கின்றது. மூலம் எதுவாயினும், தமிழ்ச் சொல்லின் ஒலியும் பொருளும் அதனோடு கலந்தன எனக் கொள்ளுதல் பொருந்தும்.

தமிழிலே கூலி என்பது உழைப்பின் ஊதியம். திருவள்ளுவர் 619ஆம் குறளில், முயற்சி தரும் பயனைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கின்றார். ஊதியத்துக்கு உழைப்பவனைத் தமிழர் 'கூலியாள்' என்றனர். ஆங்கிலமோ கூலியை வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டது!

இவ்வழக்குச் சட்டத்திலும் ஏறியது. இலங்கைத் தோட்டத் தொழிலாளர் பற்றிய 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தொழிலாளரையும் கங்காணியையும் 'இந்தியக் கூலிகள்' எனப் பொதுவாக அறியப்படுவோர் என்று குறித்தது. தென்னாபிரிக்காவிலோ இச்சொல் தொழிலையும் கடந்து இனப்பெயராயிற்று. 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகள் வழக்கறிஞராயிருந்தும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார்.

நம் மலையகத் தோட்டங்களில் இதற்கு மறுதலையான வழக்கொன்று உண்டு. ஒரு நாள் வேலை பதிவேட்டிற் பதியப்படுவதைப் 'பேர்' என்பர். அரைநாட் பதிவு 'அரைப்பேர்' ஆகும். துரைமார் மொழியில் ஊதியத்தின் பெயர் மனிதனுக்காயிற்று. தொழிலாளர் மொழியில் மனிதனின் பெயர் ஊதியத்துக்காயிற்று. இரண்டிடத்தும் குறைவுபட்டவன் உழைத்தவனே.

பட்டிப்பொலையில் இக்குறளைக் கற்பிக்கும்போது, இச்சொல்லைக் கேட்டவுடன் தலைகுனியும் மாணவரை யான் கண்டுள்ளேன். கொழுந்து பறிப்போரின் பிள்ளைகள் அவர்கள். தாய்மொழிச் சொல்லொன்று வசையாய்த் திரும்பிவந்து அவர்களை வருத்துகின்றது. வசையை ஒழித்தல் வேண்டும். ஆயின் சொல்லை இழத்தல் கூடாது. கூலி என்பது உழைத்தவன் கேட்டுப் பெறும் உரிமை; அவனுக்கு இட்ட பெயரன்று. இதனை எடுத்துரைத்தபின் அம்மாணவர் நிமிர்ந்து நோக்குவர். சொல்லின் வரலாற்றைக் கற்பதன் பயனும் அதுவேயாம்.