எதிர்வீரசிங்கம்: பாய்ச்சலுக்குப் பின்னான வாழ்க்கை

வலிகாமத்தில் ஒரு பாடசாலை மைதானத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "பாய்ஞ்சு என்ன தம்பி கிடைக்கும்? ஓ.எல். வருகுது, பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கோ." மகள் உயரம் பாய்தலில் கெட்டிக்காரி. தகப்பன் இல்லாத வீடு. அந்தக் கேள்வியைச் சும்மா தட்டிவிட முடியவில்லை. அன்று அவருக்கு நான் சொன்னது நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் கதை.

1934இல் பெரியவிளானில் பிறந்தவர். யாழ். மத்திய கல்லூரியில் படித்தார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தபோது வயது 17. 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். இன்றைய தடித்த மெத்தைகள் அந்தக் காலத்தில் இல்லை. மணலிலும் மரத்தூளிலும்தான் விழவேண்டும். முதுகைக் காட்டிப் பாயும் முறையை டிக் பொஸ்பரி உலகுக்குக் காட்டியதே 1968இல், மெக்சிக்கோவில்.

1958 மே மாத இறுதியில் ரோக்கியோவில் ஆசிய விளையாட்டு விழா. எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். அதே நாட்களில் இங்கே தமிழர்கள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மே 27இல் அவசரகாலச் சட்டம் வந்தது. கொழும்பு முகாம்களில் இருந்த ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றி வடக்கே அனுப்பப்பட்டனர். அந்த நாட்டின் கொடிதான் ரோக்கியோவில் ஒரு தமிழரின் வெற்றிக்காக ஏறியது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் நான் கண்டதில்லை.

1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. அதற்கு மேல் ஒரு பாய்ச்சல்காரருக்கு அன்று என்ன இருந்தது? அந்தக்கால மெய்வல்லுநர் போட்டிகளில் பணப்பரிசு கிடையாது. காசு வாங்கினால் ஒலிம்பிக்கில் இடமில்லை. இன்றைய கிரிக்கெட் வீரரோடு ஒப்பிட்டால் கணக்கே பிழைத்துவிடும்.

அவரை அதன்பின் தாங்கியது படிப்பு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் படித்தார். பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். சியரா லியோனில் கற்பித்தார், யுனெஸ்கோவிலும் பணியாற்றினார். இங்கே பலருக்கு அவர் தங்கப்பதக்கக்காரர் மட்டும்தான். உண்மையில் பாய்ந்த ஆண்டுகளைவிட கல்வித்துறையில் இருந்த ஆண்டுகளே கூட. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின்னர் வடக்குகிழக்கின் கல்வி, புனர்வாழ்வு வேலைகளிலும் ஈடுபட்டார். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் காலமானார்.

கதையைக் கேட்டு முடித்த தாய் சொன்னார்: "அப்ப அவர் சோதினையும் பாஸ் பண்ணினவர்தானே."

ஓம். அதனால் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உயர்தரத்தில் தேவையான குறைந்தபட்சத் தகைமை இருந்தால், தேசிய மட்டத்தில் விளையாடிய மாணவர்கள் விசேட அனுமதிக்காகப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. இரண்டுக்கும் சான்றிதழ்கள் வேண்டும். எங்கள் வீடுகளில் இடப்பெயர்வில் முதலில் தொலைந்தவை அவைதான். ஆகவே கோட்டமட்டம், வலயமட்டம், மாகாணமட்டம் எதுவானாலும், கிடைக்கிற ஒவ்வொரு சான்றிதழையும் பிரதியெடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள்.