மலையேற்றத் திட்டமிடல்

மலையேற்றத் திட்டமிடல் என்பது மலைக்காடுகளில் நடந்து செல்லவும், அனுமதிக்கப்பட்ட இடங்களில் கூடாரமிட்டுத் தங்கவும் விரும்புவோர் புறப்படுவதற்கு முன் செய்யும் ஆயத்தங்களைக் குறிக்கும். பாதைத் தேர்வு, பருவகாலம், வனத்துறை அனுமதி, நேரக் கணக்கு, நீர், உணவு, அவசர உதவி ஆகியன இதில் அடங்கும். இக்கட்டுரை தமிழ்நாட்டுச் சூழலை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது.

பின்னணி

தமிழ்நாட்டில் மலையேறுதல் நெடுங்காலமாக வழிபாட்டுடன் இணைந்தது. கோவை மாவட்டத்தின் வெள்ளியங்கிரி, திருவண்ணாமலை மாவட்டத்தின் பர்வதமலை, விருதுநகர், மதுரை மாவட்டங்களின் எல்லையில் உள்ள சதுரகிரி ஆகியவற்றுக்குப் பக்தர்கள் நடந்தே செல்கின்றனர். பொழுதுபோக்கு மலையேற்றம் 2000-களுக்குப் பின்னர் சென்னை போன்ற நகரங்களின் இளைஞர்களிடையே பரவலாயிற்று.

குரங்கணி விபத்து

2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு அருகிலுள்ள குரங்கணி மலைப்பகுதியில் பரவிய காட்டுத் தீயில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் சிக்கினர். இவர்கள் சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மீட்புப் பணியில் இந்திய வான்படையின் உலங்கு வானூர்திகள் ஈடுபடுத்தப்பட்டன. செங்குத்தான சரிவு, காய்ந்த புல், இருள் ஆகியவை மீட்பைக் கடினமாக்கின. அக்குழுவினர் சென்ற பாதைக்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்று அரசு தெரிவித்தது. இவ்விபத்தை அடுத்து, மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு 2018-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது.

அனுமதி

காப்புக்காடுகளிலும் வனவிலங்கு சரணாலயங்களிலும் முன் அனுமதியின்றி நுழைவது குற்றமாகும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைக் கொண்ட மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. பாதைகள் எளிது, மிதம், கடினம் என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இணையவழியில் முன்பதிவு செய்வோருடன் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் செல்கின்றனர். 18 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை.

அனுமதியின் பயன் சட்டத்தோடு முடிவதில்லை. எத்தனை பேர், எந்தப் பாதையில், எப்போது சென்றனர் என்பது பதிவாகியிருந்தால்தான் அவர்கள் திரும்பாதபோது எங்கே தேடுவது என்பது தெரியும். எனவே அனுமதி பெற்ற பாதையை விட்டு வேறு பாதையில் செல்வது, அனுமதியே பெறாமல் செல்வதற்கு ஒப்பாகும்.

பருவகாலம்

பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை காட்டுத் தீக் காலமாகக் கருதப்பட்டு, மலையேற்றம் வழக்கமாக நிறுத்தப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்யும். வட மாவட்டங்களில் அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை முதன்மையானது. மலைமேல் பெய்யும் மழை, மழையே இல்லாத அடிவாரத்திலும் ஓடைகளில் திடீர் வெள்ளத்தைக் கொண்டுவரும். சதுரகிரியில் 2015 மே மாதம் இவ்வாறு ஏற்பட்ட வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர்.

பாதைத் தேர்வு

முதன்முறை செல்வோர் ஒரே நாளில் முடியும் எளிய பாதையைத் தேர்ந்தெடுத்தல் நலம். ஆவடியை அடுத்த வெள்ளானூர், அம்பத்தூர், பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகரப் பகுதிகளில் வாழ்வோருக்கு, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் திருவள்ளூர் மாவட்டக் காட்டில் உள்ள குடியம் குகைகள் அருகில் அமைந்தவை. இவை பழைய கற்கால மனிதர் பயன்படுத்திய பாறை ஒதுக்கிடங்கள் ஆகும். இங்கு 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. வனத்துறையின் 40 பாதைகளுள் இதுவும் ஒன்று. ஆவடியிலிருந்து புறநகர் மின்தொடர்வண்டியில் திருவள்ளூரை அடைந்து, அங்கிருந்து சாலை வழியாகப் பூண்டிக்குச் செல்லலாம்.

ஆந்திரப் பிரதேசத்தின் நாகலாபுரம் மலையும் சென்னை மலையேறிகள் நாடும் இடமாகும். அதற்கு அம்மாநில வனத்துறையின் அனுமதி தேவை. அங்குள்ள ஆழமான சுனைகளில் நீச்சல் அறியாதோர் இறங்குவது ஆபத்தானது.

நேரக் கணக்கு

இசுக்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்சுமித் 1892-இல் கூறிய விதி இன்றும் பயன்படுகிறது. அதன்படி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவுக்கு 1 மணி நேரமும், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக 1 மணி நேரமும் ஆகும். எடுத்துக்காட்டாக, 600 மீட்டர் ஏற்றம் கொண்ட 10 கிலோமீட்டர் பாதைக்கு 3 மணி நேரம் தேவை. ஓய்வு இதில் சேராது. வெயில், சுமை, பழக்கமின்மை ஆகியவற்றைக் கருதி இதனை ஒன்றரை மடங்காகக் கொள்வது பாதுகாப்பானது.

தமிழ்நாட்டில் கதிரவன் மறைந்ததும் விரைவில் இருட்டிவிடும். ஆகவே இந்த நேரத்துக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்பிவிடுவது என்று புறப்படும் முன்பே குழுவினர் முடிவு செய்துகொள்ள வேண்டும். குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே.

நீரும் பொருட்களும்

வெயிற்காலத்தில் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 3 முதல் 4 லிட்டர் நீர் தேவைப்படும். ஓடை நீரைக் கொதிக்கவைத்தே அருந்த வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல், முதலுதவிப் பை, கைவிளக்கு, ஊதல், மழைச்சட்டை, பிடிப்புள்ள காலணி ஆகியன இன்றியமையாதவை. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறைவதால், உயரமான இடங்களில் கம்பளி ஆடை தேவைப்படும்.

முகாம்

தமிழ்நாட்டுக் காடுகளில் விரும்பிய இடத்தில் இரவு தங்க இயலாது. வனத்துறை அனுமதிக்கும் இடங்களில் மட்டுமே தங்கலாம். வறண்ட ஓடைப் படுகை, பட்ட மரத்தின் அடி, விலங்குகள் நீர் அருந்த வரும் தடம் ஆகிய இடங்களில் கூடாரமிடக் கூடாது. காட்டில் தீ மூட்டுவதும் புகைப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. உணவுக் கழிவையும் நெகிழிப் பொருட்களையும் திரும்ப எடுத்து வருதல் வேண்டும்.

ஆபத்துகள்

காட்டுத் தீ: தீ தனக்கு மேலே உள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுவதால், சரிவில் மேல்நோக்கி மிக வேகமாகப் பரவும். கீழே தீ தெரிந்தால் மேல்நோக்கி ஓடுவது பெரும்பாலும் தவறாகும். பக்கவாட்டில் விலகி, புல்லற்ற பாறை வெளியையோ நீர்நிலையையோ ஏற்கெனவே எரிந்து அடங்கிய நிலத்தையோ அடைய முயல வேண்டும்.

பாம்புக்கடி: கடித்த இடத்தைக் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும்.

யானை: அதிகாலையிலும் அந்தியிலும் யானைத் தடங்களில் நடப்பதைத் தவிர்க்க வேண்டும். யானையைக் கண்டால் அருகே செல்லாமலும் படம் எடுக்க நிற்காமலும் வழிகாட்டி சொற்படி பின்வாங்க வேண்டும்.

அவசர உதவி

மலைகளில் பல இடங்களில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது. எனவே செல்லும் பாதை, உடன் செல்வோர் பெயர்கள், திரும்பும் நேரம், வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்வது நல்லது. குறித்த நேரத்தில் செய்தி வராவிட்டால் அவர் வனத்துறைக்கோ 112 என்ற அவசர எண்ணுக்கோ தெரிவிக்கலாம். மருத்துவ ஊர்திக்கு 108 என்ற எண் உள்ளது.