மூன்றடிப் பாதையின் வரலாறு

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். இதே கோட்டையில் சக்கிலிதுர்க்கம் என்றொரு சின்னக் குன்றும் உண்டு. தோல் தொழில் செய்த மக்களின் சாதிப் பெயரைத் தாங்கிய குன்று அது. தேசிங்கு ராஜன் கதையைச் சொல்கிற நாம் அந்தப் பெயரைப் பற்றிப் பேசுவது குறைவு.

கோட்டைக்கு வரலாறு இருப்பதுபோல, நம் வீட்டு வாசலில் போடும் மூன்றடி சிமென்ட் பாதைக்கும் வரலாறு உண்டு.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லேண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று 1904இல் நம் சென்னையில் நடந்தது, கடற்சிப்பியை வைத்து. சிமென்ட் பிறந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, 1924இல், சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச்சாலையிலும், தெருவிலும், பாதையிலும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அலுவலகங்களுக்கும் போகலாம் என்றது அது. நிறைவேறியது. மனிதர் தெருவில் நடக்கலாம் என்பதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது! அதே ஆண்டு வைக்கத்திலும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கத்தான் போராட்டம் தொடங்கியது.

தீர்மானம் போட்டதும் எல்லாத் தெருவும் திறந்துவிடவில்லை. அதனால்தான் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவில் கிணறு, குளத்தோடு சாலையும் எழுதப்பட்டது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது இடத்துக்குப் போகும் வழக்கமான வழிநடை உரிமையை மறுப்பதைக் குற்றமாக்கியது. அதே 1989இல்தான் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களை மறித்துச் சுவர் எழுந்தது. அதில் ஒரு பகுதியை இடித்து வழிவிட 2008 மே வரை ஆனது. 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் உயர்ந்த சுவர் ஒன்று மழையில் வீடுகள்மேல் விழுந்து 17 தலித்துகள் செத்தார்கள். பாதையாவதும் சுவராவதும் ஒரே கல்லும் கலவையும்தான். யார், யாருக்காகப் போடுகிறார்கள் என்பதே கேள்வி.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். 30 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குல கனம் என்றால் 30 கன அடி கான்கிரீட். ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு முக்கால் ஜல்லி என்று கலந்தால் 50 கிலோ மூட்டை ஐந்தரை, மணல் 13 கன அடி, ஜல்லி 26 கன அடி ஆகும். கைக்கலவை என்றால் சேதாரத்துக்கு அரை மூட்டை கூட வைத்துக்கொள்ளுங்கள். அடிமண்ணை நன்றாகத் திமிசு போடுங்கள். மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். இளகிய கலவை போட எளிது, வெடிப்பதும் எளிது. நாலடிக்கு ஓர் இடைவெட்டு விடுங்கள். தண்ணீர் சுவர்ப் பக்கம் திரும்பாதபடி வாட்டம் கொடுங்கள். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனையுங்கள். இதில் காசு செலவில்லை, ஆனால் பாதையின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கை மாணவத் தோழர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பேன். வீட்டு வளாகத்துக்குள் போடும் பாதை நம் செலவு. வாசலைத் தாண்டினால் அது பொதுப் பாதை. அதைப் போடுவது ஊராட்சியின், பேரூராட்சியின் கடமை. ஊர்த்தெருவில் சிமென்ட் சாலை, காலனி முனையில் சேறு என்றிருந்தால், நாமே காசு வசூலித்துப் போட்டுக்கொள்வது சுயமரியாதைபோலத் தெரியும். உண்மையில் அது அரசின் கடனை நாம் அடைப்பது. நூறாண்டுக்கு முன் சட்டமன்றத்தில் நின்று கேட்டதை வாசலில் விட்டுக்கொடுப்பது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. கிராமசபை கூடும் இந்த நாட்களில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்: எங்கள் தெரு சாலைப் பதிவேட்டில் இருக்கிறதா? எத்தனை அடி? என்ன கனம்? போட்ட பிறகு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். நாலு அங்குலம் என்று எழுதிவிட்டு இரண்டரை அங்குலம் போட்டால், நம் வாசலில் பாதை போட்ட கைக்கு அது உடனே தெரிந்துவிடும்.