நோயாளிகளுக்காக வரையப்பட்ட சிலுவை: ஐசன்ஹைம் பீட ஓவியம்

ஐரோப்பிய ஓவியங்களில் இயேசுவின் சிலுவைக் காட்சிக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலான ஓவியர்கள் அவரை அழகான உடலோடும் அமைதியான முகத்தோடும்தான் வரைந்தார்கள். ஆனால் ஒரே ஒரு ஓவியம் பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். உடல் முழுக்கப் புண்கள், அவற்றில் குத்தி நிற்கும் முட்கள், பச்சை படர்ந்த தோல், வலியில் முறுக்கிக்கொண்ட விரல்கள்! அதன் பெயர் ஐசன்ஹைம் பீட ஓவியம். வரைந்தவர் மத்தியாஸ் குருனெவால்ட் என்ற ஜெர்மானியர். காலம் 1512 முதல் 1516 வரை.

இவ்வளவு கோரமாக ஏன் வரைந்தார்? அது எந்த இடத்துக்காக வரையப்பட்டது என்று தெரிந்தால் விடை கிடைத்துவிடும்.

அந்தோணியார் நெருப்பு

ஐசன்ஹைம் என்பது அல்சாஸ் பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். இன்று அது பிரான்சில் இருக்கிறது. அங்கே அந்தோணியார் சபைத் துறவிகளின் மடம் ஒன்றும், அதோடு சேர்ந்த மருத்துவமனையும் இருந்தன. இந்த அந்தோணியார் பதுவை நகரத்தவர் அல்லர். எகிப்தின் பாலைவனத்தில் தவம் செய்தவர்; தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'வனத்து அந்தோணியார்' என்று அழைப்பவர்.

அந்த மடத்துக்கு வந்தவர்களில் பலருக்கு இருந்தது 'அந்தோணியார் நெருப்பு' என்ற நோய். கைகால்கள் தீயில் வேகுவது போல எரியும். சிலருக்கு வலிப்பு வரும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். பிறகு விரல்களும் கைகால்களும் கறுத்து, உணர்ச்சியற்று, அழுகிவிடும். சில நேரங்களில் தாமாகவே கழன்று விழும். இடைக்காலத்தில் இந்த நோய் ஊர் ஊராகப் பரவி எண்ணற்ற மக்களைக் கொன்றது.

காரணம் என்ன தெரியுமா? தினமும் சாப்பிட்ட ரொட்டி! ஏழைகளின் உணவான ரை என்ற தானியத்தின் கதிரில் எர்காட் எனும் பூஞ்சை வளரும். நம்மூரில் கம்புப் பயிரைத் தாக்கும் தேன் ஒழுகல் நோய்க்கும் இதே இனத்தைச் சேர்ந்த பூஞ்சைதான் காரணம். மழையும் குளிரும் மிகுந்த ஆண்டுகளில் தானிய மணிகள் இருந்த இடத்தில் கருஞ்சிவப்பான கட்டிகள் நிறையத் தோன்றும். அவற்றையும் சேர்த்து அரைத்த மாவில் உள்ள நச்சு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இரத்தம் போகாத உறுப்பு அழுகிவிடும். ஆனால் அன்று இது யாருக்கும் தெரியாது. பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றே பலர் நம்பினார்கள்.

துறவிகள் செய்த மருத்துவம்

11ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் தோன்றிய இந்தச் சபையின் முக்கியமான வேலையே இந்த நோயாளிகளைக் கவனிப்பதுதான். நல்ல கோதுமை ரொட்டி கொடுத்தார்கள், பன்றி இறைச்சி கொடுத்தார்கள். இதற்காக அவர்கள் வளர்த்த பன்றிகள் கழுத்தில் மணியோடு தெருவில் சுதந்திரமாகத் திரியும். மூலிகைத் தைலம் பூசினார்கள். புனிதரின் திருப்பண்டங்களின் மேல் ஊற்றி எடுத்த திராட்சை இரசத்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். அழுகிய உறுப்புகளை அறுத்து எடுக்க அறுவை வைத்தியர்களும் இருந்தார்கள்.

நச்சு ரொட்டி நின்று நல்ல ரொட்டி கிடைத்ததும் பலர் குணமடைந்தார்கள். குணமாக்கியது புனிதர் என்று அவர்கள் நம்பினார்கள். உண்மையில் நோயைத் தடுத்தது ரொட்டிதான். ஆனால் நாடே ஒதுக்கிய நோயாளியை உள்ளே சேர்த்து, அந்த ரொட்டியைக் கையில் கொடுக்க வைத்தது அந்தத் துறவிகளின் நம்பிக்கை என்பதையும் மறுக்க முடியாது.

மூடிய கதவும் திறந்த கதவும்

மருந்தால் குணமாகாதவர்களும் இருந்தார்கள். வெட்டிய கால் திரும்ப முளைக்கப் போவதில்லை. அவர்களுக்கு என்ன சொல்வது? இந்தக் கேள்விக்குக் குருனெவால்ட் தந்த பதில்தான் இந்த ஓவியம்.

இது கதவுகள் போலத் திறந்து மூடும் பல பலகைகளால் ஆனது. சாதாரண நாட்களில் மூடியே இருக்கும். அப்போது தெரிவது சிலுவைக் காட்சி. நோயாளிகளை இதன் முன் அழைத்து வந்ததாக வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். தன் உடம்பில் இருப்பது போன்ற புண்களைக் கடவுளின் உடம்பிலேயே அவர்கள் பார்த்தார்கள். கடவுள் தண்டித்ததால்தான் இந்த நோய் என்று ஊரார் சொன்னதைக் கேட்டு வந்தவனுக்கு, அந்தக் கடவுளே அதே வேதனையைச் சுமக்கிறார் என்று காட்டியது அந்தப் படம். சிலுவைக்கு அருகே திருமுழுக்கு யோவான் விரலை நீட்டி நிற்கிறார். அவர் காலடியில் பலியின் அடையாளமாக ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இரண்டு கதவுகளும் சேரும் கோடு சிலுவையின் நடுவில் போகாமல் சற்றுத் தள்ளிப் போகிறது. எனவே கதவைத் திறக்கும்போது இயேசுவின் ஒரு கை உடலிலிருந்து பிரிகிறது! உறுப்பை இழந்தவர்களுக்காகவே இப்படி அமைத்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

பெருவிழா நாட்களில் கதவுகள் திறக்கும். உள்ளே வலது பக்கத்தில் உயிர்த்தெழுந்த இயேசு, இரவு வானில் பெரிய ஒளிவட்டத்துக்குள் மேலே எழுகிறார். காவலர்கள் நிலைதடுமாறி விழுகிறார்கள். அழுகிய புண்கள் எல்லாம் மறைந்து உடல் ஒளிர்கிறது. ஆனால் ஆணி அடித்த காயங்களை மட்டும் ஓவியர் அழிக்கவில்லை. அவை இருக்கின்றன, ஆனால் வலிக்கவில்லை. காலை இழந்தவனுக்கு இதைவிட நேர்மையான நம்பிக்கையைச் சொல்ல முடியுமா?

பிறகு நடந்தது

நோய்க்குக் காரணம் எர்காட் கலந்த ரைதான் என்று 1676இல் பிரெஞ்சு மருத்துவர் தெனி தோதார் எழுதினார். அந்தோணியார் சபை 1777இல் மால்டா சபையோடு இணைக்கப்பட்டு மறைந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது ஓவியம் அருகிலுள்ள கொல்மார் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இன்று அது அந்நகரின் உண்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நடுவில் முதல் உலகப்போர் வந்தது. 1917இல் ஓவியம் பாதுகாப்புக்காக ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போனது. அங்கே காட்சிக்கு வைத்தபோது மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். போரில் காயம்பட்ட வீரர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தோணியார் நெருப்பு இல்லை, ஆனால் அதே இழப்பு இருந்தது. 1919இல் ஓவியம் கொல்மாருக்குத் திரும்பியது.

எர்காட்டின் நச்சிலிருந்தே 20ஆம் நூற்றாண்டில் ஒற்றைத் தலைவலிக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்குக்கும் மருந்துகள் எடுக்கப்பட்டன. நோயின் மர்மம் தீர்ந்துவிட்டது. ஆனால் குணமாகாத வலியோடு வாழ்பவர்கள் எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். நீ தனியாக இல்லை, இதுவே முடிவும் இல்லை என்று அவர்களிடம் சொல்லத்தான் அந்தச் சிலுவையும் உயிர்ப்பும் ஒரே பலகைகளில் முன்னும் பின்னுமாக வரையப்பட்டன.