பதிவேடு யார் கையில்? பெரம்பலூர், அரியலூர் காட்டும் வரலாறு

1995 முதல் 2007 வரையிலான 12 ஆண்டுகளில், அரியலூரில் ஒரே வீட்டில் குடியிருந்தவரின் மாவட்டம் நான்கு முறை மாறியது. ஒன்றுபட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டம் 1995இல் மூன்றாகப் பிரிந்தபோது அவர் பெரம்பலூர் மாவட்டத்துக்காரரானார். 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச் முடிவில் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடி பிரிந்தது. நடுவே வந்த 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அரியலூர் மாவட்டத்தில் 6,95,524 பேர் என்று எழுதி வைத்தது. அடுத்த ஆண்டே அப்படியொரு மாவட்டம் இல்லை. சேர்த்ததற்கும் பிரித்ததற்கும் அரசியல் காரணங்கள் உண்டு. அவற்றை இங்கே விட்டுவிடலாம். ஆட்சி எல்லைகள் இப்படி அழிந்தும் எழுந்தும் மாறுகிற நாட்டில், மக்களைப் பற்றிய பதிவேடு எந்தத் தனிக் கைக்கும் கட்டுப்பட்டிருக்கக் கூடாது என்பதே என் வாதம். கட்டற்ற மென்பொருளாக வெளிவரும் தரவுத்தளங்களை நான் ஆதரிப்பதற்கு விலையைவிட இதுவே பெரிய காரணம்.

இந்தக் கவலை கணினிக்கு முந்தியது. கிராமக் கணக்கு நெடுங்காலம் ஊர்க் கணக்கரான கர்ணத்தின் வீட்டில்தான் இருந்தது. எந்தப் புல எண் யாருடையது, தீர்வை எவ்வளவு, எந்த வயலுக்கு எங்கிருந்து பாசனம் என்பதெல்லாம் அவருடைய கட்டுகளில் இருந்தன. ஏடு சர்க்காருடையது, அதைப் புரட்டிப் பொருள் சொல்லத் தெரிந்தவரோ ஊருக்கு ஒருவர். பரம்பரை உரிமை சட்டப்படி செல்லாது என்றான பிறகும், நடைமுறையில் அந்த அறிவு சில குடும்பங்களிலேயே தங்கியிருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் மூலம் பகுதிநேர கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982இல் அதை ஏற்றுக்கொண்டது. தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்தில் அமர்ந்தார். சிட்டா, அடங்கல் ஆகியவற்றின் படிவங்கள் முன்பே பொதுவானவை. இப்போது அவற்றைக் கையாளும் ஆளும் மாற்றக்கூடியவரானார். ஒருவர் மாறுதலாகிப் போனால் அடுத்தவர் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதைத் தமிழக நிர்வாக வரலாற்றின் பெரிய திருப்பங்களில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

கணினி வந்தபோது பழைய நிலை வேறு உருவில் திரும்பும் ஆபத்தும் வந்தது. மூடிய தரவுத்தளத்தில் தரவு அரசுடையது. அது வட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதோ விற்ற நிறுவனத்துக்கு மட்டுமே முழுதாகத் தெரியும். இதற்கு மாற்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முளைத்தது. 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் ஆய்வுத் திட்டத்துக்கு, 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள் எஸ்கியூஎல் வினவல் மொழியைச் சேர்த்தார்கள். 1996இல் அது போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆனது. அதற்குத் தனி உரிமையாளர் இல்லை. 1995இல் வந்த மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்துக்கு உரிமையாளர் இருந்தார். 2008இல் சன் நிறுவனமும் 2010இல் ஆரக்கிளும் அதை அடைந்தன. ஆனாலும் மூல நிரல் திறந்திருந்ததால், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான விடேனியஸ் 2009இலேயே மரியாடிபி என்று தனிக்கிளை பிரித்தார். உரிமை கைமாறியும் பயன்படுத்துவோர் கட்டுப்படவில்லை. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

பெரம்பலூரும் அரியலூரும் மின்மாவட்டத் திட்டத்தின் தமிழக முன்னோடி மாவட்டங்கள் ஆறில் இரண்டு. சாதி, வருமானம், இருப்பிடம் போன்ற சான்றிதழ்களை இணையவழி வழங்கும் திட்டம் அது. இங்கே நிரலர் சந்திக்கும் முதல் சிக்கல் எல்லை. வட்டத்தின் எண்ணுக்குள்ளேயே மாவட்ட எண்ணைப் பொதித்துவிட்டால், உடையார்பாளையம் வட்டம் வேறு மாவட்டத்துக்கு மாறும் நாளில் அதன்கீழுள்ள ஒவ்வொரு கிராமத்தின் அடையாளமும் உடையும். வட்டத்துக்கு மாறாத எண் ஒன்றைக் கொடுத்து, அது எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதைத் தனி அட்டவணையில் எழுதுவதே சரி. அப்போதுதான் அரியலூர்க்காரரின் 2003ஆம் ஆண்டுச் சான்றிதழில் பெரம்பலூர் மாவட்டம் என்றிருப்பது சரியே என்பது பின்னால் வரும் அலுவலருக்கு விளங்கும். அகரவரிசை இன்னொரு சிக்கல். ஊர்ப்பெயர்களை ஒருங்குறி எண்களின்படி அடுக்கினால் குன்னம் முன்னும் குரும்பலூர் பின்னுமாக வரும். ரகரத்துக்கு முந்திய எண் னகரத்துக்கு உள்ளதே காரணம். தமிழ் வரிசையில் னகரம் கடைசி எழுத்து. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல். மொழிவாரி வரிசைக்கான ஐசியூ நூலகத்தைப் போஸ்ட்கிரெஸ் சேர்த்துக்கொண்டது 2017இல், பத்தாம் பதிப்பில். நிரல் திறந்திருந்தால் இத்தகைய குறையைத் தீர்க்கச் சந்தையின் அளவைக் கணக்குப் பார்க்கும் நிறுவனத்திடம் காத்திருக்க வேண்டியதில்லை.

கோளாறு வந்தால் பொறுப்பேற்க ஒரு நிறுவனம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கட்டற்ற மென்பொருளுக்கும் போடலாம். சரியாகச் செய்யாதவரை மாற்றி வேறொருவரை அமர்த்தவும் முடியும். மூடிய மென்பொருளில் அந்த இரண்டாவது வழி இல்லை. 1990களில் பெரிய வேலைகளுக்கு விலை கொடுத்து வாங்கியவையே நம்பகமாக இருந்தன என்பதும் உண்மைதான். இன்று நிலை வேறு. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே லினக்ஸுக்கு மாறியது. ஆதாரின் கட்டமைப்பு பெரும்பாலும் திறந்த மூல மென்பொருள்களின் மேல் எழுந்தது. மத்திய அரசு 2015இல் இதையே கொள்கையாக அறிவித்தது. கடினமான மறுப்பு வேறொன்று: அடியிலுள்ள தரவுத்தளம் திறந்தது, மேலே எழுதிய செயலியும் அட்டவணை அமைப்பும் மூடியவை என்றால், பழைய கர்ணத்தின் இடத்தில் ஓர் ஒப்பந்தக்காரர் உட்கார்ந்துவிட மாட்டாரா? உட்காரலாம். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. கோரிக்கை மட்டுமே உண்டு. 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களும் 2020இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. பிரிப்பு இத்தோடு நிற்கப் போவதில்லை. குடிமக்களின் விவரங்களைக் காத்துக்கொண்டே, மாவட்டச் சேவைகளின் அட்டவணை அமைப்பையும் செயலியின் நிரலையும் தமிழக அரசு பொதுவில் வெளியிட வேண்டும். அந்தப் பணியைப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் தொடங்கலாம்.