வலிமையிலிருந்து அனுமதிக்கு: ‘மே’ என்னும் ஆங்கிலத் துணைவினையின் வரலாறு

ஆட்சிமொழி மசோதா 1963இல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அதன் மூன்றாம் பிரிவில் இருந்த ஒற்றைத் துணைவினை பெரும் பூசலைக் கிளப்பியது. 1965க்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலமும் தொடர்வதற்கு வழிசெய்த அந்தப் பிரிவு ‘மே’ என்ற சொல்லை ஆண்டிருந்தது. தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாமே என்றார்கள் எதிர்த்தவர்கள். ‘ஷல்’ என்று எழுதச் சொன்னார்கள். அந்த இடத்தில் ‘மே’ தருவதும் ‘ஷல்’லின் பொருளைத்தான் என்றார் நேரு. அப்படியானால் ‘ஷல்’ என்றே போட்டுவிடுவதில் என்ன தடை என்ற கேள்வி உடனே எழுந்தது. இந்தச் சர்ச்சையை அரசியல் வரலாறாகப் பலர் எழுதிவிட்டார்கள். இலக்கண வரலாறாகவும் அதைப் படிக்கலாம். இரு தரப்பும் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு பொருள் கொள்ள முடிந்ததற்குக் காரணம் ஆயிரம் ஆண்டு பழையது.

பழைய ஆங்கிலத்தில் ‘மே’யின் மூலவினை அனுமதியைக் குறிக்கவில்லை. வலிமை பெற்றிருத்தல், செய்ய இயலுதல் என்பதே அதன் பொருள். ஆற்றலைக் குறிக்கும் ‘மைட்’ என்ற பெயர்ச்சொல் அதே வேரில் பிறந்தது. ‘கேன்’ அப்போது ‘அறிவேன்’ என்ற பொருளில் வழங்கியது. தந்திரத்தைக் குறிக்கும் ‘கன்னிங்’ அதன் உறவு. ‘ஷல்’லின் கதை இன்னும் சுவையானது. அது கடன்பட்டிருத்தலைக் குறித்த முழுவினை. லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில், எஜமானுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறாய் என்று உக்கிராணக்காரன் கேட்கும் இடத்தில், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு கையாள்வது இந்த வினையைத்தான். கொடுக்கவேண்டிய கடன் செய்யவேண்டிய கடமையாகி, பிறகு எதிர்காலக் குறியாகத் தேய்ந்தது.

அனுமதியைச் சொல்ல அன்று ‘மோட்டன்’ என்ற வேறொரு வினை இருந்தது. அதன் இறந்தகால வடிவம்தான் இன்றைய ‘மஸ்ட்’. அனுமதிக்க வந்த சொல் கட்டாயப்படுத்தும் சொல்லாக மாறியது மொழி வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. இடைக்கால ஆங்கிலத்தில் ‘மோட்’ மெல்ல வழக்கொழிந்தது. அனுமதியின் இடத்துக்கு ‘மே’ நகர்ந்தது. அது விட்டுவந்த இயலுமையின் இடத்தை ‘கேன்’ பிடித்துக்கொண்டது. ஒன்று காலிசெய்த பிறகுதான் அடுத்தது குடிவந்தது என்று எண்ண வேண்டாம். சில நூற்றாண்டுகள் பழைய பொருளும் புதிய பொருளும் ஒன்றாகவே புழங்கின. அனுமதி கேட்க ‘கேன்’ கூடாது, ‘மே’தான் வேண்டும் என்று ஆங்கில வகுப்புகளில் இன்றும் திருத்துகிறார்களே, அது இந்த இடமாற்றம் இன்னும் ஓயவில்லை என்பதற்குச் சான்று.

படர்க்கை ஒருமையில் மற்ற வினைகளெல்லாம் ‘எஸ்’ விகுதி ஏற்க, இவை மட்டும் ஏன் ஏற்பதில்லை? விதி அப்படி என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றன நம் பள்ளி இலக்கண நூல்கள். உண்மையில் ‘மே’, ‘கேன்’, ‘ஷல்’ மூன்றும் தொன்மையில் இறந்தகால வடிவங்கள். பொருளில் மட்டும் நிகழ்காலத்துக்கு வந்தவை. ஜெர்மானிய மொழிகளில் இறந்தகாலப் படர்க்கை ஒருமைக்கு அந்த விகுதி கிடையாது. ‘வில்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. விருப்பத்தை உணர்த்தும் வடிவம் ஒன்றிலிருந்து வந்ததால் அதற்கும் விகுதி இல்லை.

இவை எப்போது தனி இலக்கண வகையாயின என்பதில் அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் சடுதியாக நேர்ந்த மாற்றம் இது என்று டேவிட் லைட்ஃபுட் 1979இல் வாதிட்டார். தாமஸ் மோரின் 1530களின் உரைநடையில் ‘கேன்’னுக்கு வினையெச்ச வடிவம் இருக்கிறது, பிறகு மறைந்துவிடுகிறது. ஃபிரான்ஸ் பிளாங்க் 1984இல் லைட்ஃபுட்டின் வாதத்தை மறுத்தார். ஆன்டனி வார்னரின் 1993ஆம் ஆண்டு நூலும் இவ்வினைகளின் தனித்தன்மை பல நூற்றாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டதைக் காட்டியது. சான்றுகள் படிப்படியான மாற்றத்தின் பக்கமே சாய்கின்றன என்பது என் கருத்து. மாற்றம் எல்லா வட்டாரங்களிலும் ஒரே முடிவை எட்டவுமில்லை: ஸ்காட்லாந்திலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் ‘மைட் குட்’ என்று இரண்டு துணைவினைகளை அடுக்கிப் பேசுவோர் இன்றும் உண்டு.

வடிவ மாற்றத்தைவிட நம் வழக்குக்கு முக்கியமானது பொருளின் மற்றொரு நகர்வு. ‘மே’ முதலில் எழுவாயின் ஆற்றலைச் சொன்னது. பிறகு எழுவாய்க்குப் பிறர் தரும் அனுமதியைச் சொன்னது. கடைசியில் நடக்கக்கூடும் என்ற பேசுபவரின் ஊகத்தையும் சொல்லத் தொடங்கியது. பொருள் இவ்வாறு பேசுபவரின் மனத்தை நோக்கித் திரும்புவதை எலிசபெத் டிராகாட் 1989இல் விரிவாக ஆராய்ந்தார். தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல: ‘நீ போகலாம்’ என்பது அனுமதி, ‘நாளை மழை வரலாம்’ என்பது ஊகம், இரண்டிலும் வருவது அதே ‘லாம்’.

ஆக, 1963இன் ‘மே’க்குள் அதிகாரம், அனுமதி, ஐயம் மூன்றும் அடங்கியிருந்தன. நேருவின் விளக்கத்துக்குச் சட்ட மரபில் ஆதாரம் இல்லாமலில்லை. ஜூலியஸ் எதிர் ஆக்ஸ்ஃபோர்டு பிஷப் வழக்கில் 1880இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, அதிகாரம் தரும் சொல் தானாகக் கடமையை விதிக்காது, ஆனால் சூழல் அந்த அதிகாரத்தோடு கடமையைச் சேர்க்கக்கூடும் என்று கூறியது. சூழலை நம்பும் நிலையில் சென்னை மாநிலம் அன்று இல்லை. எதிர்த்தவர்கள் செய்தது சொற்சிலம்பம் அல்ல, நல்ல இலக்கண வாசிப்பு. அவர்கள் கேட்ட ‘ஷல்’லும் அப்பழுக்கற்றதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் பொருள் பலவாறு கிளைக்கிறது என்று கருதியே 2007இல் அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதியவர்கள் அச்சொல்லைத் தவிர்த்தார்கள்.

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பின், 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் மூன்றாம் பிரிவைத் திருத்தியது. இந்தியை ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு ஆங்கிலத்தில் தொடர்புகொள்வதை ‘ஷல்’ கட்டாயமாக்கியது. அந்த மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தும் ஆங்கிலத்தைக் கைவிடத் தீர்மானம் நிறைவேற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றும்வரை இந்த ஏற்பாடு நீடிக்கும் என்ற ஐந்தாம் உட்பிரிவும் ‘ஷல்’லோடுதான் எழுதப்பட்டது. முதல் உட்பிரிவின் தொடக்க வாசகத்தில் ‘மே’ இன்றும் அப்படியே இருக்கிறது.